ஆளித் தட்டையில் பஞ்சு: நாரைப் பிரிக்க என்சைம் முறை

ஆளி விதையை நாட்டு மருந்துக் கடைகளில் பலரும் பார்த்திருப்பார்கள். மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், பீகார் முதலிய மாநிலங்களில் எண்ணெய்க்காக இது குளிர்காலப் பயிராகச் சாகுபடி செய்யப்படுகிறது. விலை உயர்ந்த லினன் துணிக்கு வேண்டிய நாரும் இதே இனத்துச் செடியின் தண்டிலிருந்துதான் கிடைக்கிறது. பண்டைய எகிப்தியர்கள் பதப்படுத்திய சடலங்களைச் சுற்றி வைத்த துணியும் இந்த நாரில் நெய்ததே.

ஆளியில் இரு வகைகள் உண்டு. நாருக்கான வகை நெருக்கமாக விதைக்கப்பட்டு, கிளை விடாமல் இடுப்பளவுக்கு மேல் உயர்ந்து வளரும். பிரான்சின் வட பகுதி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவை இதற்குப் பேர் போனவை. எண்ணெய்க்கான வகை குட்டையாக வளர்ந்து நிறையக் கிளை விடும். கனடாவின் மேற்கு மாகாணங்களிலும் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்திலும் இந்த வகை ஏராளமாகப் பயிரிடப்படுகிறது.

எண்ணெய் வகையைப் பயிரிடுவோருக்கு அறுவடைக்குப் பின் ஒரு தொல்லை காத்திருக்கிறது. விதையைப் பிரித்த பின் மிஞ்சும் தட்டை மண்ணில் எளிதில் மக்குவதில்லை. உழவுக் கருவிகளிலும் விதைப்புக் கருவிகளிலும் நார் சுற்றிக்கொள்கிறது. சிகரெட் காகிதம் போன்ற மெல்லிய காகிதம் செய்யக் கொஞ்சம் வாங்கப்பட்டாலும், பெரும் பகுதியை வயலிலேயே கொளுத்துவது வழக்கமாகிவிட்டது. இப்படிச் சாம்பலாகும் தட்டையிலிருந்து பருத்தியுடன் கலந்து நூற்கக்கூடிய நாரை எடுக்க முடியுமானால், விதைக்கு மேல் இன்னொரு வருமானம் விவசாயிக்குக் கிடைக்கும். இதற்காக ஆராயப்பட்ட வழிதான் என்சைம் முறை.

தண்டுக்குள் என்ன இருக்கிறது?

ஆளித் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே மெழுகு படிந்த மெல்லிய தோல் இருக்கும். நடுவே கட்டை போன்ற சக்கைப் பகுதி இருக்கும். இவை இரண்டுக்கும் இடையில் நார்க் கற்றைகள் வளையமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு கற்றையிலும் பல தனி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

இந்தத் தனி இழையின் அளவைக் கவனிக்க வேண்டும். சராசரி நீளம் 2.5 முதல் 3 சென்டிமீட்டர். தடிமன் பெரும்பாலும் 12 முதல் 25 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பருத்தி இழையின் நீளமும் தடிமனும் ஏறத்தாழ இதே அளவில்தான் உள்ளன. ஆகவே ஆளித் தண்டுக்குள் பஞ்சு போன்ற இழை ஏற்கெனவே இருக்கிறது. அது ஒட்டிக் கிடப்பதுதான் சிக்கல்.

இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசையில் முக்கியமானது பெக்டின். கொய்யா ஜெல்லியை இறுக வைக்கும் பொருளும் இதுவே. பெக்டின் சங்கிலிகளைக் கால்சியம் ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்குகிறது. நாரின் எடையில் பெக்டின் சில சதவீதமே இருந்தாலும், சக்கையையும் தோலையும் நாரையும் பிரியாமல் பிடித்து வைப்பது அதுதான். இழையின் உடல் செல்லுலோஸ் என்ற வேறொரு பொருளால் ஆனது. பெக்டினைக் கரைக்க வேண்டும். செல்லுலோஸைத் தொடக் கூடாது. நார் பிரிக்கும் கலை முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

பழைய முறைகளும் அவற்றின் குறைகளும்

நம் கிராமங்களில் சணப்பைத் தண்டைக் குளத்தில் அமிழ்த்தி ஊறவைத்து நார் உரிப்பதையும், தேங்காய் மட்டையைக் காயலில் ஊறவைத்துக் கயிறு திரிப்பதையும் பலர் அறிவார்கள். ஆளிக்கும் முற்காலத்தில் இதே முறைதான். பெல்ஜியத்தில் கோர்ட்ரெய்க் நகரை ஒட்டி ஓடும் லிஸ் ஆறு இதற்குப் புகழ் பெற்றது. அங்கே ஊறிய நாரின் நிறத்தை வைத்து அதைப் 'பொன்னாறு' என்றே அழைத்தார்கள். தண்ணீரில் பெருகும் பாக்டீரியாக்கள்தான் பெக்டினைக் கரைக்கின்றன என்பதை 1895-ல் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கியும் அவருடைய உதவியாளர் ஃப்ரீப்ஸும் தெளிவுபடுத்தினர்.

நீர் ஊறலில் நல்ல நார் கிடைத்தது. ஆனால் ஊறிய நீர் துர்நாற்றம் வீசியது. நீரில் இருந்த பிராணவாயு தீர்ந்து மீன்கள் செத்தன. 1940-களில் லிஸ் ஆற்றில் தட்டையை ஊறப்போடுவது தடுக்கப்பட்டது. நாளடைவில் மேற்கு ஐரோப்பா முழுவதும் பனி ஊறலுக்கு மாறியது.

பனி ஊறலில் தண்டை வேரோடு பிடுங்கி வயலிலேயே வரிசையாகப் பரப்பி விடுகிறார்கள். பனியும் மழைத் தூறலும் பட்டு அதில் பூஞ்சணம் வளர்கிறது. அந்தப் பூஞ்சணம் பசையைக் கரைக்கிறது. இடையில் தண்டைப் புரட்டிப் போட வேண்டும். மூன்று முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். இதற்குத் தண்ணீர்ச் செலவும் மருந்துச் செலவும் இல்லை என்பது பெரிய வசதி.

ஆனால் வானம் கைகொடுக்க வேண்டும். வெயில் காய்ந்தால் ஊறல் நின்றுவிடும். மழை விடாது பெய்தால் பூஞ்சணம் பசையோடு நிற்காமல் இழையையே தின்னத் தொடங்கும். நாரின் நிறமும் வலிமையும் வயலுக்கு வயல், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அத்தனை நாளும் நிலம் அடுத்த பயிருக்கு உதவாது. வறண்ட இடங்களில் இம்முறை சரிப்படாது.

என்சைமின் வேலை

பாக்டீரியாவோ பூஞ்சணமோ வாயால் கடித்துப் பசையைத் தின்பதில்லை. அவை என்சைம் எனப்படும் நொதிப் பொருளைச் சுரந்து பசையை வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. கடினமான ஆட்டிறைச்சியுடன் ஒரு துண்டு பப்பாளிக் காயைப் போட்டால் இறைச்சி சீக்கிரம் வெந்துவிடும் அல்லவா? பப்பாளிப் பாலில் உள்ள என்சைம் இறைச்சியின் புரதத்தை உடைப்பதே அதற்குக் காரணம். கொய்யாவும் தக்காளியும் பழுக்கும்போது மெதுவாவதும் அவற்றிலுள்ள என்சைம் பெக்டினை உடைப்பதால்தான்.

ஒவ்வொரு என்சைமுக்கும் தனி வேலை உண்டு. பெக்டினை உடைக்கும் என்சைம் செல்லுலோஸைத் தொடாது. செல்லுலோஸை உடைக்கும் என்சைம் வேறு. ஆகவே நுண்ணுயிரை விட்டுவிட்டு, அது சுரக்கும் பெக்டின் என்சைமை மட்டும் பயன்படுத்தினால் வானத்தை நம்பாமல் வேலையை முடிக்கலாம். வேண்டிய கட்டத்தில் நிறுத்தவும் செய்யலாம்.

அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி

1980-களில் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 'ஃபிளாக்சைம்' என்ற கலவையை ஆளிக்காகவே தயாரித்தது. தண்டைத் தொட்டியில் போட்டு என்சைம் கலந்த நீரில் ஊறவைத்தபோது நல்ல நார் கிடைத்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் ஐரோப்பிய ஆலைகள் பனி ஊறலிலேயே நின்றுவிட்டன.

அடுத்து இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு. ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸ் நகரில் உள்ள ரஸ்ஸல் ஆராய்ச்சி நிலையத்தில் டேனி ஏகின் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1990-களிலிருந்து இதில் ஈடுபட்டனர். அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பருத்தி நாடு. கோடையில் பருத்தி விளையும் நிலத்தில் இலையுதிர்காலத்தில் ஆளியை விதைத்து வசந்த காலத்தில் அறுவடை செய்யலாம். பருத்தி நூற்கும் இயந்திரங்களும் அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருந்தன. ஆளி நாரைப் பஞ்சு போலக் குட்டையாகவும் மென்மையாகவும் ஆக்கிவிட்டால் அதே இயந்திரங்களில் பருத்தியோடு கலந்து நூற்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

தொட்டி நிறைய நீர் செலவாவதைக் குறைக்க, 2000-ல் அவர்கள் தெளிப்பு முறை ஒன்றை வெளியிட்டனர். அதன் படிகள் வருமாறு:

முதலாவதாக, காய்ந்த தண்டைப் பள்ளம் வெட்டிய உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்க வேண்டும். தண்டின் தோலில் உள்ள மெழுகு நீரை உள்ளே விடாது. நசுக்கிய தண்டில்தான் என்சைம் இறங்கும். கரும்பை நசுக்குவது போலச் சாறு பிழியும் அளவுக்கு அழுத்தத் தேவையில்லை. தோல் விரிசல் விட்டால் போதும்.

இரண்டாவதாக, என்சைம் கரைசலைத் தண்டு நன்றாக நனையும்படி தெளிக்கலாம்; அல்லது சில நிமிடம் கரைசலில் முக்கி எடுக்கலாம். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்திலிருந்து எடுத்த 'விஸ்கோசைம்' என்ற கலவையை அவர்கள் முதலில் பயன்படுத்தினர். 100 லிட்டர் நீருக்கு 50 மில்லி முதல் 300 மில்லி வரை சேர்த்துப் பார்த்தனர். கரைசல் லேசான புளிப்புத் தன்மையுடன் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, நனைந்த தண்டை ஈரம் காயாமல் 40 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும்.

நான்காவதாக, நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். பிறகு இயந்திரத்தில் அடித்துச் சக்கையை நீக்கி நாரைச் சீவி எடுக்கலாம்.

வயலில் ஒரு மாதம் ஆகும் வேலை இவ்வாறு ஓரிரு நாளில் முடிகிறது.

இ.டி.டி.ஏ. எதற்கு?

என்சைமோடு இன்னொரு பொருளையும் சேர்த்தனர். அது நம் விவசாயிகளுக்கு அறிமுகமான பெயர்தான். துத்தநாகம், இரும்பு முதலிய நுண்ணூட்டங்களை இலைவழி தெளிக்கும்போது 'இ.டி.டி.ஏ. துத்தநாகம்' என்று வாங்குகிறோம். உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்வது இ.டி.டி.ஏ.யின் குணம். ஆளித் தண்டில் அது பெக்டின் சங்கிலிகளைப் பிணைக்கும் கால்சியத்தைக் கவ்வி இழுத்து விடுகிறது. பிணைப்பு தளர்ந்ததும் என்சைம் சுலபமாக வேலை செய்கிறது. இதனால் என்சைமின் அளவைக் குறைக்க முடிந்தது.

இழையும் வெட்டுப்படும் ஆபத்து

என்சைமைக் கூட்டினால் நார் மேலும் மெல்லியதாகப் பிரிந்தது. ஆனால் வலிமை குறைந்தது. குறைந்த அளவு என்சைமும் போதுமான இ.டி.டி.ஏ.யும் சேர்த்தபோது நார் சற்றுத் தடிமனாக இருந்தாலும் வலுவாக இருந்தது. விஸ்கோசைம் பல என்சைம்கள் சேர்ந்த கலவை. அதில் செல்லுலோஸை உடைக்கும் என்சைமும் ஓரளவு கலந்திருக்கிறது. பசை கரையும்போதே இழையும் அங்கங்கே வெட்டுப்பட்டு விடுகிறது.

ஆகவே பின்னர் பெக்டினை மட்டும் உடைக்கும் தனி என்சைம்களைச் சோதித்தனர். பருத்தித் துணியைச் சலவைக்குத் தயார் செய்ய ஆலைகள் வாங்கும் பெக்டேட் லையேஸ் என்ற என்சைம் அவற்றில் ஒன்று. இது காரத் தன்மையுள்ள நீரில், சுமார் 55 டிகிரி வெப்பத்தில் வேலை செய்யும். செல்லுலோஸைத் தொடாததால் நாரின் வலிமை குறையவில்லை. எந்த என்சைமை வாங்கினாலும் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று கேட்க வேண்டியதன் அவசியத்தை இது காட்டுகிறது.

திருப்பூர்ப் பகுதிச் சாயப்பட்டறைகளில் பனியன் துணியின் மேல் எழும் பிசிறுகளை நீக்கச் செல்லுலோஸை உடைக்கும் என்சைமைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அது தேவையான பொருள். அளவு மீறினாலோ நேரம் கூடினாலோ துணி நைந்துவிடும் என்பது அங்கு வேலை செய்வோருக்குத் தெரியும். அதே என்சைம் ஆளித் தொட்டியில் வேண்டாத விருந்தாளி.

நூற்பாலையில் என்ன ஆகிறது?

நீளமான லினன் நார் கற்றையாகவே சீவப்பட்டு, வெந்நீரில் நனைத்து, தனி இயந்திரங்களில் நூற்கப்படுகிறது. பருத்தி நூற்பாலையின் இயந்திரங்களோ ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள இழைக்காகவே அமைந்தவை. அதற்கு ஏற்றவாறு ஆளி நாரைக் குட்டையாக்கி மெலிதாக்குவதைப் 'பருத்தியாக்கல்' என்று சொல்லலாம். சக்கை கலந்த குட்டை நாரும், எண்ணெய் ஆளியின் தட்டையிலிருந்து வரும் நாரும் இதற்குப் பயன்படும்.

ஆனால் அளவு ஒத்துப்போனாலும் குணம் ஒத்துப்போவதில்லை. பருத்தி இழை இயல்பிலேயே முறுக்கியிருக்கும். அதனால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆளி இழை நேராகவும் வழவழப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். இழுத்தால் 2 அல்லது 3 சதவீதமே நீண்டு அறுந்துவிடும். பருத்தி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். எனவே குட்டை ஆளி நாரைத் தனியாகப் பருத்தி இயந்திரத்தில் நூற்பது கடினம். பருத்தியைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். அமெரிக்கச் சோதனைகளில் பாதிக்குப் பாதி வரை கலந்து நூற்றுப் பார்த்தனர். ஆளியின் பங்கு கூடக் கூட நூலில் தடிமன் மெலிவுகளும் முடிச்சுகளும் கூடின, வலிமை குறைந்தது. நடுத்தர, தடித்த நூலுக்கே இக்கலப்பு ஏற்றது.

அப்படியானால் எதற்குக் கலக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆளி நார் பருத்தியைவிட அதிக ஈரம் ஏற்கும். சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதமும், ஆளி சுமார் 12 சதவீதமும் ஈரம் கொள்ளும். வியர்வையை உறிஞ்சி விரைவில் உலர்த்தும். நனைந்தால் நாரின் வலிமை குறையாமல் கூடும். லினனுக்கே உரிய சொரசொரப்பான அழகும் துணியில் வரும். இவற்றுக்காகத்தான் கலப்புத் துணிக்கு நல்ல விலை கிடைக்கிறது.

இன்னொரு தடையையும் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தனர். பருத்திக்கு நீளம், வலிமை, தடிமன் ஆகியவற்றை அளந்து தரம் சொல்லும் கருவிகள் உண்டு. ஆளி நாரைக் கையால் தடவியும் கண்ணால் பார்த்தும் தரம் சொல்வதே பழைய வழக்கம். அப்படி வாங்கிய நாரை ஆலைக்காரர் நம்பிக் கலக்க முடியாது. ஆகவே நிறம், மென்மை, கலந்துள்ள சக்கையின் அளவு ஆகியவற்றை அளக்கும் தர விதிகளை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் வழியாகக் கொண்டுவந்தனர்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

என்சைம் முறை வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்றும் உலகின் ஆளி நாரில் பெரும்பகுதி பனி ஊறலில்தான் வருகிறது. காரணம் செலவு. பனி இலவசம். என்சைமுக்குப் பணம் கொடுக்க வேண்டும். இ.டி.டி.ஏ.யை உயர்ந்த அளவில் சேர்த்தால் 100 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 2 கிலோ வரை ஆகிவிடும். அதன் விலை என்சைமின் விலையோடு போட்டி போடும். தண்ணீரைச் சூடாக்க வேண்டும். நனைந்த தட்டையை மீண்டும் காயவைக்க வேண்டும். இதற்கு எரிபொருள் தேவை. அலசிய நீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விட முடியாது.

இவ்வளவையும் செய்து எடுக்கும் நாரோ தட்டையின் எடையில் ஒரு பங்குதான். நல்ல நார் வகையிலேயே 100 கிலோ தட்டைக்கு 25 முதல் 30 கிலோ வரை நார் இருக்கும். எண்ணெய் வகையில் இன்னும் குறைவு. மீதி எல்லாம் சக்கை. அந்தச் சக்கையையும் சேர்த்தே நனைத்து, சூடாக்கி, காயவைக்கிறோம். அதனால்தான் சக்கையை முதலில் இயந்திரத்தால் நீக்கிவிட்டு, பிரித்த நாரை மட்டும் என்சைமில் போடும் முறைக்கு ஆலைகள் ஆர்வம் காட்டுகின்றன. குறைந்த எடை, குறைந்த நீர், குறைந்த செலவு.

தென் கரோலினா விவசாயிகளின் அனுபவம்

2010-களின் தொடக்கத்தில் கனடிய நிறுவனம் ஒன்று இந்த வழியில் இறங்கியது. ஆளி நாரை என்சைம் கலந்த நீரில் பதப்படுத்திப் பருத்தி ஆலைகளுக்கு விற்கத் தென் கரோலினா மாநிலத்தின் பாம்ப்ளிகோ என்ற சிற்றூரில் ஆலை அமைத்தது. பெரிய உள்ளாடை நிறுவனங்களுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த வட்டார விவசாயிகள் குளிர்காலத்தில் சும்மா கிடந்த நிலத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஆளி பயிரிட்டனர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் நிறுவனம் பண நெருக்கடியில் சிக்கியது, ஆலையும் நிலைக்கவில்லை.

பயிர் நன்றாக வந்தது, நாரும் பிரிந்தது. நடுவிலிருந்த ஒரே ஆலை நின்றபோது அதை நம்பிய சாகுபடியும் நின்றது. ஆளித் தட்டை எடை குறைந்து இடத்தை அடைக்கும் சரக்கு. தொலைவில் உள்ள ஆலைக்கு ஏற்றி அனுப்பினால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். பக்கத்தில் ஆலை இல்லாத நார்ப் பயிர் வயலில் கிடக்கும் தட்டைதான்.

நாம் கவனிக்க வேண்டியவை

நார் ஆளிக்கு நீண்ட குளிர்ந்த பருவம் வேண்டும். நம் சமவெளிக்கு அது ஏற்றதன்று. ஆனால் பசையைக் கரைத்து நாரை எடுக்கும் அறிவு ஆளியோடு நின்றுவிடுவதில்லை. சணல் ஊறலை விரைவுபடுத்தப் பாரக்பூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் 'கிரைஜாஃப் சோனா' என்ற நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியுள்ளது. இதனால் ஊறல் காலம் சுமார் ஒரு வாரம் குறைகிறது. நாரின் நிறமும் நன்றாக இருக்கிறது. தார் வெட்டிய பின் நாம் வெட்டித் தள்ளும் வாழை மட்டையின் நாரிலும் பெக்டின் பசை உண்டு. அதோடு லிக்னின் என்ற கடினப் பொருளும் இருப்பதால், பெக்டின் என்சைம் மட்டும் போட்டால் அது ஆளி நார் அளவுக்கு மென்மையாகிவிடாது.

வாழை நாரோ, சணப்பையோ, வேறு எந்த நாரோ, 'என்சைம் முறையில் பஞ்சாக்கி வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது ஒப்பந்தத்துக்கு வந்தால் விவசாயிகள் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நாரைப் பதப்படுத்தும் ஆலை எத்தனை மைல் தொலைவில் உள்ளது? தட்டைக்கு விலையா, பிரித்த நாருக்கு விலையா? தரத்தை அளப்பது கருவியா, வாங்குபவரின் கண்ணா? அந்த ஆலை எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?

என்சைம் பசையைக் கரைக்கும். விலையை உறுதி செய்யாது. இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பின் விதைப்பதே நல்லது.